நல்ல தண்ணிப் பனை

சௌடேஸ்வரியின் வீட்டில் வெறுமனே தண்ணி என்று கேட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா என்று சேர்த்துச் சொல்லவேண்டும். உப்புத் தண்ணி கொல்லையில் இருக்கிற ஆழ்குழாய்ப் போரில் மோட்டார் போட்டால் வரும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, எல்லாம் அதில்தான். வாளியில் பிடித்து வைத்தால் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் படியும், தலைக்குக் குளித்தால் முடி விறைத்துக்கொண்டு நிற்கும். நல்ல தண்ணி தெருக்குழாயில் வரும். எப்போது வரும் என்று கேட்கக்கூடாது, வருகிறபோது வரும். வந்துவிட்டால் அருப்புக்கோட்டையில் அந்தத் தெருவில் தறிச் சத்தத்தையும் மீறிக் குடச் சத்தம் கேட்கும். பிடித்ததை அண்டாவிலும் டிரம்மிலும் மூடி வைத்துக்கொண்டு, அடுத்த முறை வருகிறவரை குடிக்கவும் உலைக்கும் மட்டும் மொண்டு எடுப்பார்கள். நல்ல தண்ணியில் கை கழுவிய விருந்தாளியை அந்தத் தெருவில் யாரும் மறுபடி வாய்நிறைய அழைத்ததில்லை.

அப்பேர்ப்பட்ட தண்ணியைத்தான் தேவிபிரியா ஒரு செடிக்கு ஊற்றினாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடந்த ஒரே பெரிய சண்டை அதுதான்.

செடியைக் கொண்டுவந்தவன் பிரவின்குமார். சௌடேஸ்வரிக்கும் பாலையாவுக்கும் ஒரே பிள்ளை. மதுரையில் ஒரு செல்போன் கடையில் வேலை. காலை பஸ்ஸுக்குப் போனால் இருட்டித்தான் வருவான். கல்யாணமாகி முதல் வருஷம் முடிந்த அன்று பெண்டாட்டிக்குச் சேலை எடுத்து வருவான் என்று வீடே பார்த்துக்கொண்டிருக்க, பஸ்ஸில் மடியில் வைத்து ஒரு வெள்ளைத் தொட்டியைத் தூக்கி வந்தான். தொட்டிக்குள் முழ உயரத்துக்கு ஒரு குட்டிப் பனை. ஓலையெல்லாம் மெலிசாக, பச்சை ரிப்பன் கிழித்துவிட்ட மாதிரி.

பாலையா வேலை பார்க்கிற தறி செட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சட்டையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“பனங்கன்னா? திருச்சுழிப் பக்கம் போனா எவனும் ஏறிட்டுப் பாக்காம நிக்கிது. இதுக்குப் போயி மதுரையில இருந்து பஸ்ஸுல கூட்டிட்டு வந்திருக்கான் பாரு.”

“இது டேபிள் பாம்னு ஒரு பனைப்பா. வீட்டுக்குள்ளயே வளரும். நேரடி வெயிலு ஆகாது.”

“வெயிலு ஆகாதுன்னா அது பனையே இல்லடா.”

தேவிபிரியா மட்டும் அதை வாங்கி, சேலை வாங்கியவள் மாதிரி முகமெல்லாம் பூரித்து, முன்னறையில் ஜன்னலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். அன்று முதல், குடித்து மிச்சம் வைத்த பாட்டில் தண்ணியை அதற்கு ஊற்ற ஆரம்பித்தாள். சௌடேஸ்வரி சில நாள் பார்த்தும் பாராமல் இருந்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

அவர்களுக்கு வீட்டுப் பேச்சு கன்னடம். தேவிபிரியா காரியாபட்டியில் வளர்ந்தவள், சாதி சனம் ஒன்றுதான் என்றாலும் அவளுக்குக் கன்னடம் நாக்கில் ஓடாது. ஆகையால் மாமியாரும் மருமகளும் கொஞ்சுவதும் தமிழில், சண்டை போடுவதும் தமிழில்.

“ஊரே கொடத்தத் தூக்கிட்டு அலையுது. நீ செடிக்கு நல்ல தண்ணி ஊத்துறியே, நல்லாருக்கா?”

“உப்புத் தண்ணி ஊத்துனா நுனி கருகிரும் அத்த.”

“நாமளும்தான் உப்புத் தண்ணியில குளிக்கிறோம். கருகியா போயிட்டோம்?”

“நாம குளிக்கத்தான செய்றோம். அது குடிக்குதுல்ல.”

இதற்குச் சௌடேஸ்வரியிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால்தான் சண்டை பெரிதானது. அந்த மூலையில் ஒருத்தி, இந்த மூலையில் ஒருத்தி என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பிரவின் வேலை முடிந்து வந்து தீர்ப்புச் சொன்னான்.

“அது என் பங்குத் தண்ணிம்மா. நான் மதுரையிலயே வயிறு முட்டக் குடிச்சிட்டு வந்திர்றேன். போதுமா?”

சொன்னவன் அதன்பிறகு ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டுச் சிநேகிதன் பைக்கில் பின்னால் ஏறினான். நாலுவழிச் சாலையில், விளக்குப் போடாமல் நின்ற லாரி. சிநேகிதனுக்குக் கால் போனது. பிரவின் வீட்டுக்கு வெள்ளைத் துணியில் வந்தான்.

அதைப்பற்றி விரித்துச் சொல்ல என்ன இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பாலையா முன்பும் அதிகம் பேசாதவர், இப்போது அடியோடு பேச்சை நிறுத்தினார். தேவிபிரியா அழுது முடித்து, அழ முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். குழந்தை குட்டி என்று ஒன்றும் இல்லை. காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து அவளுடைய அம்மா சுபலட்சுமி ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்து, மகளையும் மகளுடைய பீரோவையும் கட்டிலையும் பாத்திரத்தையும் ஏற்றினாள். தடுப்பதற்குச் சௌடேஸ்வரிக்கு எந்த நியாயமும் இல்லை. வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லாம் ஏற்றியான பிறகு டிரைவர் ஜன்னலோரத்துத் தொட்டியைக் காட்டி, “இதையும் எடுத்துக்கிருவமா?” என்றான்.

தேவிபிரியா அதன் பக்கம் திரும்பவே இல்லை. “இது இங்கயே இருக்கட்டும் அத்த. பிறகு வந்து எடுத்துக்கிறேன்” என்றாள்.

சௌடேஸ்வரி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். பொட்டுத் தூசி பாக்கியில்லாமல் எல்லாவற்றையும் ஏற்றியவள் இதை மட்டும் விட்டுவிட்டுப் போகிறாள் என்றால், வருவாள். வந்து எடுப்பாள். எடுக்க வருகிற அன்று ஒரு வாய் சாப்பிடுவாள், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். பிரவினைப் பற்றிப் பேசுவதற்கு இந்த உலகத்தில் சௌடேஸ்வரிக்கு இருந்த ஒரே ஆள் அவள்தான். செடி உயிரோடு இருக்கிறவரை அந்த ஆள் தனக்கு உண்டு என்று நினைத்தாள். வேறு எதையும் அவள் சாமியிடம்கூடக் கேட்கவில்லை.

ஆனால் பழகிய கை பழகிய வாளிக்குத்தான் போகும். பாத்திரம் கழுவி எழுந்திருக்கும்போது உப்புத் தண்ணியில் ஒரு செம்பு மொண்டு ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். பாலையாவுக்கும் அவர் பங்குக்கு ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது. செடி என்றால் வெயில் வேண்டாமா, இருட்டுக்குள்ளேயே கிடந்தால் என்னத்துக்கு ஆகும் என்று ஒரு நாள் மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். இந்தச் சீமையில் பனை என்பது வெயிலைக் குடித்து நிற்கிற மரம். யாரும் தண்ணி ஊற்றியதில்லை, நிழல் பார்த்து நட்டதில்லை. அந்த நினைப்பில்தான் இரண்டு பேரும் அதைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

சாயந்தரம் காயப்போட்ட துணியை எடுக்கப் போன சௌடேஸ்வரி செடியைப் பார்த்து அலறிவிட்டாள். ஓலை வெளுத்துப் போயிருந்தது. நுனியெல்லாம் பழுப்பாகக் கருகிச் சுருண்டிருந்தது. நாளாவட்டத்தில் உப்பு செய்த வேலையும் ஒரே நாளில் வெயில் செய்த வேலையும் சேர்ந்து அன்றைக்குத்தான் அவள் கண்ணில் பட்டது.

“அவ வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்? பிள்ளையத்தான் காப்பாத்த முடியல, செடியையுமான்னு கேக்க மாட்டாளா?”

பாலையா தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்து, கருகிய நுனியை ஒவ்வொன்றாக நறுக்கினாள் சௌடேஸ்வரி. நறுக்கும்போதுதான் மருமகள் சொன்னது காதுக்குள் கேட்டது. அது குடிக்குதுல்ல.

அன்றைக்கு அண்டாவின் மூடியைத் திறந்து, ஒரு டம்ளர் நல்ல தண்ணியை மொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, செடிக்கு ஊற்றினாள். திருடுகிறவள் மாதிரி இருந்தது. தன் வீட்டில் தன் தண்ணிதான், இருந்தாலும் அண்டாவைச் சத்தம் வராமல் மூடினாள்.

பிறகு அதுவே முறையாகிவிட்டது. டம்ளருக்கு மேல் போகாது. மேல்மண் காய்ந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவாள். பக்கத்துத் தறி செட்டிலிருந்து பஞ்சுத் தூசி பறந்து வந்து ஓலைமேல் படியும். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து ஒவ்வொரு ஓலையாகத் துடைப்பாள். துடைக்கும்போது அதனிடம் கன்னடத்தில் பேசுவாள். தேவிபிரியாவிடம் பேச முடியாமல் போன கன்னடமெல்லாம் அந்தச் செடிக்குக் கிடைத்தது.

அண்டாவில் குறைகிற தண்ணியை எங்கிருந்தாவது ஈடுகட்டவேண்டுமே. உலைக்குக் குறைக்க முடியாது, பாலையாவுக்குக் குறைக்க மனசு வராது. தனக்குக் குறைத்துக்கொண்டாள். உப்புத் தண்ணியில் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றிக் குடித்தாள். அவளுக்கு ஏற்கெனவே சிறுநீரகத்தில் கல். நல்ல தண்ணியாக நிறையக் குடிக்கவேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். வலி வந்தால் அடுப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள்.

“கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?” என்று பாலையா ஒருநாள் அதட்டினார். வெகு நாள் கழித்து அவர் வாயிலிருந்து வந்த பேச்சு அது.

“அவ வந்து எடுத்துட்டுப் போற வரைக்கும்தான” என்றாள் சௌடேஸ்வரி.

செடி தேறியது. பழைய ஓலை போனது போனதுதான். நடுவிலிருந்து குருத்து ஒன்று வெடித்து, பிரிந்து, விசிறியாக நின்றது. சௌடேஸ்வரி அதைப் போனில் படம் எடுத்து மருமகளுக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது. “ரொம்ப நல்லா இருக்கு அத்தை.” அந்த ஒற்றை வரியைப் பாலையாவிடமும், காய்கறி கொண்டுவந்த முனீஸ்வரியிடமும் காட்டினாள். முனீஸ்வரிக்குச் செடியும் தெரியாது, மருமகளும் தெரியாது. இருந்தாலும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அதன்பிறகு வாராவாரம் படம் போயிற்று. ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று, தொட்டியைத் திருப்பிவைத்து ஒன்று. பதில் வரவரச் சுருங்கியது. முதலில் வரி வந்தது, பிறகு கும்பிடுகிற கை வந்தது, பிறகு அதுவும் போய்ப் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு மட்டும் விழுந்தது. சௌடேஸ்வரிக்கு அதுவே போதும். தேவிபிரியா பார்த்துவிட்டாள், செடி நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள், நேரம் கிடைக்கும்போது வருவாள். இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வந்தது சுபலட்சுமி. மகள் இல்லாமல் தனியாக, காரியாபட்டியிலிருந்து பஸ்ஸில், கையில் ஒரு பை பழத்தோடு.

“வாங்க மதினி, அவ வரலையா?” என்று வாசலுக்கே ஓடிவந்தாள் சௌடேஸ்வரி. தெருமுனை வரை எட்டிப் பார்த்தாள்.

“வரல மதினி. நான் வந்ததே அவளுக்குத் தெரியாது.”

உள்ளே வந்து உட்கார்ந்தவளின் கண் முதலில் போனது ஜன்னலோரத்துச் செடிக்குத்தான். காப்பியைக் கையில் வாங்கி ஆறவிட்டுக்கொண்டே இருந்தாள். சௌடேஸ்வரி எழுந்து போய் தொட்டியைத் திருப்பி, புதுக் குருத்து தெரிகிற மாதிரி வைத்தாள்.

“பாத்தீகளா, எப்படி வந்திருக்கு. வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டுப் போனா. அவகிட்டப் போயி சொல்லுங்க.”

சுபலட்சுமிக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. காப்பியைக் கீழே வைத்தாள்.

“நான் சொல்றத மனசுல வச்சுக்காதீக மதினி. ராஜபாளையத்துல ஒரு எடம் வந்திருக்கு. அவுகளும் மொத சம்சாரத்தப் பறிகொடுத்தவுகதான். தங்கமான மனுசன். இவளுக்கும் வேணாம்னு இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் சம்மதிக்கிற மாதிரி வாரா, நீங்க அனுப்புற போட்டோ வருது, அத வச்சுக்கிட்டு ரெண்டு நாளு சோறு திங்காமக் கெடக்கா. செடி உயிரோட இருக்கும்மா, நான் எப்படிப் போவேன்னு கேக்கா. நான் என்ன பதில் சொல்ல?”

சௌடேஸ்வரி தொட்டியை விட்டுவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“அவ அத எடுத்துட்டுப் போறதுக்காக விடல மதினி. தன் கையால தூக்கிப் போட மனசு வரல. எடுத்துட்டு வரவும் தெம்பு இல்ல. உப்புத் தண்ணி ஊத்துற வீடுதான, தானாப் பட்டுப்போயிரும், பட்டுப்போச்சுன்னு அத்தையே சொல்லிருவாகன்னு நெனச்சுத்தான் விட்டுட்டு வந்தா. ஏங்கிட்டயே சொன்னா. நீங்க நல்ல தண்ணி ஊத்துவீகன்னு அவ கனவுலகூட நெனைக்கல.”

தறி செட்டில் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. சௌடேஸ்வரிக்கு முதலில் வந்தது கோபம்தான். தன் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு, வலியைப் பொறுத்துக்கொண்டு வளர்த்த செடியைப் பற்றி, அது சாகும் என்று காத்திருந்தார்களாமே. சாகட்டும் என்று தன் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்களாமே.

“இப்ப என்னைய என்ன செய்யச் சொல்றீக?”

“பட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்புவா. அவளுக்கு இன்னும் முப்பதுகூட ஆகல மதினி.”

“எம்புள்ள வாங்கியாந்தது அது.”

“தெரியும்” என்று சுபலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். “அதனாலதான் உங்ககிட்டக் கேக்க வந்தேன்.”

சௌடேஸ்வரி அவளை வழியனுப்ப வாசலுக்குப் போகவில்லை. காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

மூன்று நான்கு நாள் செடிப் பக்கமே போகாமல் இருந்தாள். யாரோ முதுகில் அடித்த மாதிரி நடமாடினாள். அந்தப் பெண்ணை மனசுக்குள் வைதாள், நன்றி கெட்டவள் என்றாள், பிறகு அப்படிச் சொன்னதற்குத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் தறிச் சத்தத்தில் தூக்கம் வராமல் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்த பெண். பிரவினைக் கொண்டுவந்து கிடத்தியபோது அவன் கால் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்ற பெண். தான் வாராவாரம் அனுப்பிய படம் ஒவ்வொன்றும் அவளை அந்தக் கால் விரலுக்கே திரும்ப இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இது புரிந்தபோது கோபம் போய்விட்டது. கோபம் இருந்தவரை கொஞ்சம் தெம்பாக இருந்தது, அதுவும் போனபிறகு ஒன்றுமில்லை.

போனைப் போட்டாள்.

“தாயி, செடி வாடுதும்மா” என்றாள். வாடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பச்சைப் பசேலென்று நின்றுகொண்டிருந்தது.



“வாடுதா அத்த?”

“ஆமாத்தா. என்னன்னு தெரியல. பொழைக்காது போலருக்கு.”

“ஒரு போட்டோ அனுப்புங்க அத்த” என்றாள் தேவிபிரியா. பயத்தில் கேட்டாளா ஆசையில் கேட்டாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வாயால் சொன்னது போதாது என்று ஆகிவிட்டது. சௌடேஸ்வரி கொல்லைக்குப் போனாள். உப்புத் தண்ணி வாளியில் செம்பை முக்கினாள். திரும்பி வந்து தொட்டியில் ஊற்றினாள். மண் அதையும் நல்ல தண்ணியைக் குடித்த மாதிரியே சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது.

மாடியில் வெயிலில் கொண்டுபோய் வைத்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மனசு வரவில்லை. தினமும் ஒரு செம்பு உப்புத் தண்ணி, அவ்வளவுதான். ஓலையைத் துடைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. சாகப்போகிறதுதானே என்று அழுக்காகப் போட்டுவைக்க முடியுமா. துடைக்கும்போது கன்னடத்தில் பேசுவது மட்டும் நின்றுபோயிற்று, என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஆனால் செடி வாடுகிறதாக இல்லை. நாள் போகப் போகப் புதுக் குருத்து இன்னும் கொஞ்சம் நீண்டது. முதலில் தன் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். உப்பு ஏறக் கொஞ்சம் நாளாகும் என்று நினைத்தாள். பிறகு ஒரு காலையில், பால் வாங்கிவிட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் திரும்பி வந்தவள், கதவருகில் நின்றுவிட்டாள்.

பாலையா ஜன்னலோரத்தில் குந்தவைத்து உட்கார்ந்திருந்தார். தொட்டியைச் சாய்த்துப் பிடித்து, நேற்று அவள் ஊற்றி அடியில் நின்ற உப்புத் தண்ணியை ஒரு தட்டில் வடித்துவிட்டு, தன் குடிதண்ணிச் செம்பைக் கவிழ்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். செம்பில் இருந்த முழுவதையும். வெயில் ஆகாத பனை பனையே இல்லை என்று சொன்ன மனுசன்.

“என்ன செய்றீக?”

அவர் திடுக்கிட்டு எழுந்தார். “நீ வாளி மாத்தி ஊத்துற. கொஞ்ச நாளாப் பாக்கேன். ஒடம்புக்கு முடியாததுல ஒனக்கு நெனவு தப்புதுன்னு நெனச்சேன். சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு…” சொல்லிவிட்டுச் செம்பைப் பின்னால் மறைத்தார். “பையன் மடியில வச்சுக் கொண்டாந்ததுல்ல.”

சௌடேஸ்வரி பால் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை செத்த அன்று அழுததற்குப் பிறகு அவள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சுபலட்சுமி வந்தது, ராஜபாளையத்து மாப்பிள்ளை, படம் பார்த்துப் பட்டினி கிடக்கிற பெண், உப்புத் தண்ணி. பாலையா கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் வெறும் செம்பையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்ல பிள்ள அது” என்றார். “போகட்டும்.”

மறுநாள் காலையில் சௌடேஸ்வரி எழுந்து வருவதற்குள் உப்புத் தண்ணிச் செம்பு தொட்டிக்குப் பக்கத்தில் நிரம்பித் தயாராக இருந்தது. பாலையா தறிக்குப் போயிருந்தார்.

அதன்பிறகு செடியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நுனியில் பொட்டு வைத்த மாதிரி பழுப்பு விழுந்தது. பொட்டு ஓரமாக இறங்கி, ஓலை ஓலையாகப் பற்றியது. இம்முறை கத்தரியை எடுக்கவில்லை. தொட்டி மண்ணின் மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. கடைசியில் நடுக்குருத்து சாய்ந்தது. தொட்டால் கையோடு வந்தது, அடியில் ஈரம் கசிந்து நாற்றமடித்தது. பனைச் சாதிக்குக் குருத்து போனால் எல்லாம் போயிற்று, அது குட்டிப் பனைக்கும் அப்படித்தான்.

சௌடேஸ்வரி அதைப் படம் எடுத்தாள். எப்போதும் எடுக்கிற அதே ஜன்னல் வெளிச்சத்தில், தொட்டியைத் துடைத்துச் சுத்தமாக வைத்து எடுத்தாள். அனுப்பினாள். இரண்டு நீலக் கோடு உடனே விழுந்தது. பதில் இல்லை.

அன்று சாயந்தரம் பாலையா வந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் மணியடித்தது போல ஒரு சத்தம் போட்டது. தேவிபிரியா பேசி அனுப்பியிருந்தாள். சௌடேஸ்வரி அதை அமுக்கிக் காதுக்கு நேராகப் பிடித்தாள். பாலையா துண்டோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“அத்த, செடி போட்டோ பாத்தேன். நுனியில ஆரம்பிச்சுக் கருகியிருக்கு. நான் அந்த வீட்டுல இருந்தவ அத்த. எந்தத் தண்ணி ஊத்துனா எப்படிக் கருகும்னு எனக்குத் தெரியாதா? இத்தன நாளா நீங்க ஒங்க பங்கத்தான் அதுக்கு ஊத்திக்கிட்டு இருந்தீகன்னும் இப்பத்தான் ஒறைக்கிது. அம்மா வந்துட்டுப் போனதச் சொல்லிட்டாக. நான் சரின்னு சொல்லிட்டேன் அத்த. கல்யாணத்துக்கு ஒங்களக் கூப்பிட முடியாது, கூப்பிட்டா நீங்க வரவும் முடியாது. மாமாவப் பாத்துக்கோங்க. அதுக்கு இனி எந்தத் தண்ணியும் ஊத்த வேணாம். நல்ல தண்ணிய நீங்க குடிங்க அத்த. கல்லோட அவதிப்படாதீக.”

குரல் அதோடு நின்றது. சௌடேஸ்வரி போனை இன்னும் காதிலேயே வைத்திருந்தாள். ஏதாவது மிச்சம் இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

பாலையா அடுப்படிக்குப் போனார். அண்டாவின் மூடி நகரும் சத்தம் கேட்டது. ஒரு டம்ளரில் நல்ல தண்ணி மொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார். அவள் குடித்தாள். அத்தனை நாள் சீரகம் போட்ட உப்புத் தண்ணி குடித்த நாக்குக்கு அது ஒரு ருசியும் இல்லாமல் இருந்தது. பாதி குடித்ததும் போதும் போலிருந்தது. மிச்சத்தோடு கை தானாக ஜன்னல் பக்கம் போயிற்று. தொட்டிக்கு மேலே போய் நின்றது. பாலையா பார்த்துக்கொண்டே இருந்தார். சௌடேஸ்வரி கையைத் திரும்ப இழுத்துக்கொண்டு, அந்த மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.